ரோஜா வளர்த்த அறிஞர் பி. பி. பால்

மலரை விரும்பாதார் உலகில் இலர். கூந்தலிற் சூடுதலும், கோவிலிற் சாத்துதலும், மணவறையில் மாலை மாற்றுதலும் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கங்களாகும். முல்லையும் மல்லிகையும், தாமரையும் தாழையும் நம் முன்னோர் நன்கு அறிந்து போற்றிய பூக்கள். ரோஜாவோ, அவற்றுக்குப் பின்னர் நம் தோட்டத்திற்கு வந்த விருந்தாளி. வந்த விருந்தாளி இன்று வீட்டாருள் ஒருவராகவே ஆகிவிட்டது. திருமண வீட்டின் வாயிலில் பன்னீர் தெளித்து வரவேற்கும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. அப்பன்னீரும் ரோஜாவின் கொடையே அன்றோ?

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்து வடுகபட்டி என்னும் ஊர் உள்ளது. அது பூண்டு வாணிகத்தால் பெயர் பெற்றது. அவ்வூரிலிருந்து நோக்கினால் கொடைக்கானல் மலை நீல மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். மலைமேல் உள்ள கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கின்றது. அங்கே வீட்டு முற்றங்களில் ரோஜாப் பூக்கள் உள்ளங்கை அகலத்திற்கு மலர்கின்றன. அதே செடியைக் கீழே கொண்டுவந்து வடுகபட்டியில் ஒரு வீட்டு முற்றத்தில் நட்டால் என்ன ஆகும்? மார்கழி, தை மாதங்களில் அது ஓரளவு செழிக்கும். பங்குனி வெயில் ஏறியதும் இலைகளின் ஓரம் கருகும். பூவின் அளவு சுருங்கும். காலையில் இருந்த மணம் நண்பகலுக்குள் மறைந்துவிடும். சில ஆண்டுகளில் செடியே பட்டுப்போதலும் உண்டு. ஆனால், அதே முற்றத்தில் நிற்கும் பன்னீர் ரோஜா, பூ சிறிதாயினும், வெயிலையும் மழையையும் தாங்கி மணம் பரப்பிக்கொண்டிருக்கும்.

அழகுள்ள செடிக்கு உரம் இல்லை. உரமுள்ள செடிக்கு அத்துணை அழகு இல்லை. அழகு, மணம், உரம் ஆகிய மூன்றும் ஒரே செடியில் பொருந்துமாறு செய்ய இயலுமா? இவ்வினாவுக்கு விடை காணத் தம் ஓய்வு நேரம் முழுவதையும் செலவிட்டார் ஓர் இந்திய அறிஞர். அவர் பூ வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் அல்லர்; கோடிக்கணக்கான மக்களின் பசி தீர்க்கும் கோதுமைப் பயிரை ஆராய்ந்தவர். அவரே பெஞ்சமின் பியரி பால் என்பவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

பால் 1906 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் நாள் பஞ்சாபில் முகுந்தப்பூர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு மருத்துவர். அந்நாளில் ஆங்கில அரசின் கீழ் இருந்த பர்மாவில் பணியாற்றினார். ஆதலால், பாலின் இளமைக் காலம் பர்மாவிலேயே கழிந்தது. அங்கே மேமியோ என்பது ஒரு மலைநகரம். குளிர்ந்த காற்றும் பூஞ்சோலைகளும் நிறைந்த இடம். அந்நகரில் பள்ளிக் கல்வி பயின்ற காலத்திலேயே ரோஜாவின்மீதும் ஓவியத்தின்மீதும் அவருக்கு ஆர்வம் அரும்பியது. இவ்விரண்டு ஆர்வங்களும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அம்மலைநகரம் அமைந்த பகுதிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. காட்டு ரோஜாக்களுள் மிகப் பெரிய பூவை உடைய கொடி ரோஜா ஒன்று பர்மாவின் ஷான் மலைகளிலும், நம் நாட்டு மணிப்பூர் மலைகளிலும் இயல்பாகவே வளர்கின்றது. நம் பழனி மலைத்தொடரிலும் நீலகிரியிலும் வெண்மையான பூப்பூக்கும் காட்டு ரோஜா ஒன்று உண்டு. ரோஜா என்றதும் மேலைநாட்டுப் பூ என்றே பலரும் எண்ணுவர். அது முழு உண்மையன்று. ஆசியாவின் மலைகளே பல ரோஜா இனங்களுக்குத் தாயகமாகும்.

பள்ளிக் கல்வி முடிந்தபின் பால் இரங்கூன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தாவரவியல் பயின்றார். அதில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக அமர்ந்தார். அங்கே ரோலண்டு பிஃபன் என்னும் பேராசிரியர் பயிர்களின் மரபியலில் பெரும்புகழ் பெற்றிருந்தார். நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றல் தாய்ச்செடியிலிருந்து சேய்ச்செடிக்கு வழிவழியாக இறங்குகின்றது என்பதையும், அது மெண்டலின் விதிகளுக்கு உட்பட்டே நடைபெறுகின்றது என்பதையும் பிஃபன் 1905 ஆம் ஆண்டிலேயே கோதுமையைக் கொண்டு காட்டியிருந்தார். இக்கருத்து மிக முக்கியமானது. நோய் எதிர்க்கும் ஆற்றல் மரபு வழியே வருவதாயின், அவ்வாற்றல் உள்ள செடியையும் விளைச்சல் மிக்க செடியையும் கலந்து, இரு பண்பும் உடைய புதுச்செடியைப் பெறலாம் அல்லவா?

பிஃபன் முதலிய பேராசிரியர்களின்கீழ் பால் கோதுமையில் கலப்பு வீரியம் என்பதைப்பற்றி ஆராய்ந்தார். வெவ்வேறு இயல்புடைய இரு செடிகளின் கலப்பில் பிறக்கும் செடி, அவ்விரண்டினும் ஊக்கமாக வளர்வதையே கலப்பு வீரியம் என்பர். அவ்வாராய்ச்சிக்காக அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. இங்கிலாந்தில் ரோஜா வளர்ப்பு மக்கள் கலையாகவே விளங்குவது. அந்நாட்டில் கற்ற மரபியலையும், இளமையில் கொண்ட பூவார்வத்தையும் ஒருங்கே இணைக்கும் காலம் பின்னர் வந்தது.

கோதுமை ஆராய்ச்சி

தாயகம் திரும்பிய பால், 1933 ஆம் ஆண்டில் பீகாரில் பூசா என்னும் இடத்திலிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். அந்நிலையம் 1905 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவர் சேர்ந்து சில மாதங்களே கடந்திருந்தன. 1934 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் பீகாரை ஒரு கொடிய நிலநடுக்கம் தாக்கியது. ஆராய்ச்சி நிலையத்தின் பெருங்கட்டடம் சிதைந்தது. அதன் பின்னர் 1936 ஆம் ஆண்டில் நிலையம் புதுதில்லிக்கு மாற்றப்பட்டது. ஊர் மாறினும் பெயர் மாறவில்லை. தில்லியில் அந்நிலையம் அமைந்த இடத்தையும் மக்கள் இன்றளவும் பூசா என்றே வழங்குகின்றனர். அடுத்த ஆண்டிலேயே பால் அந்நிலையத்தின் தாவரவியல் பிரிவுக்குத் தலைவரானார்.

அக்காலத்தில் வட இந்திய உழவரின் பெரும்பகை துரு நோயாகும். இரும்பில் துரு ஏறினாற்போலக் கோதுமையின் தண்டிலும் இலையிலும் செம்பழுப்புப் பொடி படரும். அது ஒருவகைப் பூசணம். கறுப்புத் துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என அது மூவகைப்படும். கதிர் விளையும் தறுவாயில் இந்நோய் கண்டால், பச்சைப் பசேலென நின்ற வயல் சில நாட்களில் பதராகிவிடும். ஆண்டு முழுதும் உழைத்த உழவன் கையில் எஞ்சுவது கடனே.

வெயிற் காலத்தில் சமவெளியில் கோதுமைப் பயிரே இல்லை. அவ்வாறாயின், அடுத்த பருவத்தில் இந்நோய் எங்கிருந்து வருகின்றது? ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கே. சி. மேத்தா என்பவர் இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்தார். குளிர்ந்த மலைப்பகுதிகளில் துருப் பூசணம் வெயிற் காலத்திலும் உயிரோடிருக்கின்றது என்றும், அதன் நுண்விதைகளைக் காற்று சமவெளிக்கு எடுத்துச் செல்கின்றது என்றும் அவர் கண்டார். இமயமலை அவ்விடங்களுள் ஒன்று. நீலகிரியும் பழனி மலைகளும் மற்றவை. வடுகபட்டிக்குமேல் உயர்ந்து நிற்கும் அம்மலைத்தொடரிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி, தொலைதூர வயல்களின் விளைவைக் கெடுக்க வல்லதாயிருந்தது. காற்றுக்கு வேலி கட்ட இயலாது. ஆகவே, நோயைத் தடுப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. பயிரே நோயை எதிர்த்து நிற்க வேண்டும்.

அத்தகைய பயிரை உண்டாக்கும் பணியைப் பால் மேற்கொண்டார். அது எளிய பணியன்று. கறுப்புத் துருவை எதிர்க்கும் செடி மஞ்சள் துருவுக்கு இரையாகும். மஞ்சளை எதிர்ப்பது பழுப்புக்கு இரையாகும். மூன்றையும் எதிர்க்கும் பண்புகளைப் பல நாட்டுக் கோதுமைகளிலிருந்து தேடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே செடியிற் சேர்க்க வேண்டும். கோதுமை ஆண்டுக்கு ஒருமுறை விளைவது. ஒரு கலப்பின் பயனை அறிய ஒரு பருவம் காத்திருத்தல் வேண்டும். கலப்பிற் பிறந்த ஆயிரக்கணக்கான செடிகளுள் தேறுவன சிலவே. அச்சிலவற்றையும் மறுபடி நோய்க்கு ஆட்படுத்திச் சோதித்தல் வேண்டும். இவ்வாறு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தபின், 1954 ஆம் ஆண்டில் நியூ பூசா 809 என்னும் கோதுமை வெளிவந்தது. மூவகைத் துருவையும் எதிர்த்து நின்ற அக்கோதுமை, இந்தியப் பயிர் ஆராய்ச்சியில் ஒரு மைல்கல்லாக அமைந்தது.

ரோஜாத் தோட்டம்

பகலெல்லாம் கோதுமை வயலில் உழைத்த பால், காலையிலும் மாலையிலும் தம் இல்லத் தோட்டத்தில் ரோஜாக்களோடு பொழுது போக்கினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அறிவியல், ஓவியம், ரோஜா ஆகிய மூன்றுமே அவருடைய குடும்பம் எனலாம்.

அந்நாளில் நம் நாட்டுத் தோட்டங்களில் இருந்த பெரிய ரோஜாக்கள் பெரும்பாலும் மேலைநாட்டிலிருந்து வந்தவை. அவற்றின் வரலாறு விந்தையானது. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் நல்ல மணமுடையவை, குளிரைத் தாங்குபவை, ஆனால், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே பூப்பவை. சீன நாட்டு ரோஜாக்களோ ஆண்டில் பலமுறை பூப்பவை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சீன ரோஜாக்கள் கப்பல் ஏறி ஐரோப்பா சென்றன. கல்கத்தா வழியாகச் சென்றமையால் அவற்றுட் சிலவற்றை மேலைநாட்டார் வங்காள ரோஜா என்றே அழைத்தனர். இருவகையும் கலந்து, 1867 ஆம் ஆண்டில் பிரான்சில் ‘லா பிரான்சு’ என்னும் புதுவகை தோன்றியது. நீண்ட மொட்டும் பெரிய பூவும் உடைய இக்கால ரோஜாக்களுக்கு அதுவே முன்னோடி. அவை மீண்டும் கப்பல் ஏறி இந்தியா வந்தன.

குளிர்நாட்டில் பிறந்து வளர்ந்த அச்செடிகள் நம் சமவெளியில் துன்புற்றன. தில்லியில் கோடைக்காலத்து அனற்காற்று உடலைச் சுட்டெரிக்கும்; மழைக்காலத்தில் காற்றே ஈரமாகிவிடும். வெயிலால் வாடிய செடியை மழைக்காலத்தில் கரும்புள்ளி நோய் பற்றும். வெட்டுண்ட கிளையின் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டே வரும் நுனிக்கருகல் நோய் சில வேளைகளில் செடியின் உயிரையே மாய்க்கும். மேலும், மேலைநாட்டார் பூவின் வடிவத்தையும் நிறத்தையுமே பெரிதாகக் கருதித் தேர்ந்தெடுத்து வந்தமையால், பல புதிய ரோஜாக்களில் மணம் குன்றியிருந்தது. மணமில்லா மலரைக் கண் விரும்பலாம்; நெஞ்சு விரும்பாது. நம் நாட்டு வெயிலில் நின்று, நம் நாட்டு மக்கள் விரும்பும் மணத்தோடு மலரும் ரோஜாக்களை நாமே உண்டாக்க வேண்டும் என்று பால் துணிந்தார்.

கோதுமைக்குச் செய்த கலப்பையே அவர் ரோஜாவுக்கும் செய்தார். அதன் முறையைச் சிறிது விளக்குவோம். தாயாகக் கொள்ளும் செடியில், விரியும் நிலையிலுள்ள மொட்டு ஒன்றைத் தேர்ந்து, அதன் இதழ்களையும் மகரந்தத்தாள்களையும் மெல்ல நீக்கிவிடுவர். வேறு மகரந்தம் புகாதவாறு அதனைத் தாளுறையால் மூடுவர். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, தந்தையாகக் கொள்ளும் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, மூடிய மொட்டின் சூல்முடியில் தடவுவர். மீண்டும் மூடி, தாய் தந்தையரின் பெயரும் நாளும் எழுதிய சீட்டைக் கட்டித் தொங்கவிடுவர். கலப்புப் பலித்தால், பூக்காம்பின் தலைப்பு பருத்துக் காயாகும். அது முதிர மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அதனுள் இருக்கும் விதைகள் எல்லாம் முளைப்பதில்லை. முளைத்தவையும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே காயின் விதைகளில் ஒன்று செந்நிறப் பூவும், மற்றொன்று வெண்ணிறப் பூவும் தரலாம். ஒன்று மணக்கலாம், மற்றொன்று மணமின்றி ஒழியலாம்.

இங்கேதான் ஆராய்ச்சியாளரின் பொறுமை சோதிக்கப்படுகின்றது. முதற்பூவின் அழகைக் கண்டு மயங்கிவிடுதல் கூடாது. கோடை ஒன்றும் மழைக்காலம் ஒன்றுமாகச் சில ஆண்டுகள் அச்செடியைத் திறந்த வெளியில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். நோய்க்கு இடந்தருவனவற்றை, அவற்றின் பூ எத்துணை அழகாயிருப்பினும், பறித்தெறிதல் வேண்டும். எஞ்சி நிற்பவற்றின் கண்ணை எடுத்து, உரமான வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிப் பெருக்குவர். இவ்வாறு ஒரு நல்ல ரோஜா கிடைப்பதற்குப் பல நூறு செடிகள் கழிக்கப்படுகின்றன.

பாலின் முயற்சி வீண்போகவில்லை. 1962 ஆம் ஆண்டில் ‘ரோஸ் ஷர்பத்’ என்னும் ரோஜா வெளிவந்தது. இளஞ்சிவப்பு நிறமும், இனிய நறுமணமும் உடையது அது. அருந்தும் இன்பானத்தின் பெயரே அப்பூவுக்குப் பெயராயிற்று. அடுத்து 1963 ஆம் ஆண்டில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ‘தில்லி இளவரசி’ வந்தது. அணு அறிவியலறிஞர் ஹோமி பாபா 1966 ஆம் ஆண்டில் விமான விபத்தில் உயிர் நீத்தார். அவர் நினைவாகத் தாம் உண்டாக்கிய வெண்ணிற ரோஜா ஒன்றுக்குப் பால் அவர் பெயரையே சூட்டினார். கல்லில் எழுதிய நினைவு ஓரிடத்தில் நிற்கும். பூவில் எழுதிய நினைவோ ஊர்தோறும் மலரும். இவ்வாறு அவர் உண்டாக்கிய ரோஜாக்கள் நூற்றுக்கு மேற்பட்டனவாகும்.

தாம் அறிந்ததைப் பிறரும் அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால் இந்தியாவில் ரோஜா வளர்க்கும் முறையை விரிவாகக் கூறும் நூல் ஒன்றை எழுதினார். அது 1966 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரோஜா வளர்ப்போர் ஒன்றுகூடிக் கருத்துப் பரிமாறுவதற்குச் சங்கம் காண்பதிலும் அவர் முன்னின்றார். காகிதப்பூச் செடியிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. நீரின்றியும் நிற்கவல்ல அச்செடியைப்பற்றியும், நம் நாட்டுக் கொடிகளைப்பற்றியும் அவர் நூல்கள் இயற்றியுள்ளார்.

வெயில் நாட்டில் ரோஜா வளர்ப்பு

திறந்த வெளியில் ரோஜா செழிக்க வேண்டுமாயின், நல்ல இனம் மட்டும் போதாது. நல்ல பேணுதலும் வேண்டும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் இடமே ரோஜாவுக்கு ஏற்றது. நிழலில் நட்ட செடி இலை மிகுந்து பூக் குறையும். ஆயினும், பிற்பகல் வெயில் கடுமையாகத் தாக்காத கிழக்குப் பக்கம் சமவெளிக்கு மிக நல்லது. நீர் தேங்கும் நிலம் ஆகாது. ஒன்றரை அடி ஆழமும் அகலமும் உள்ள குழி தோண்டி, மட்கிய தொழுவுரத்தை மண்ணோடு கலந்து நிரப்பி நடுதல் வேண்டும்.

அழகிய பூத்தரும் செடி பலவும் தம் வேரால் நம் மண்ணில் நன்கு நிற்பதில்லை. ஆதலால், உரமான வேர்ச்செடியில் அவற்றின் கண்ணை ஒட்டுகின்றனர். எட்வர்டு ரோஜா இதற்குப் பெரிதும் பயன்படுவது. அதுவும் மணமுள்ள பூத்தருவதே. அடியிலிருந்து வேர்ச்செடியின் தளிர் கிளம்பினால் உடனே கிள்ளிவிடுதல் வேண்டும். இல்லையேல், இடங்கொடுத்தவன் வீட்டையே பறிகொடுத்த கதையாக, வேர்ச்செடி ஓங்கி ஒட்டுச்செடி மடிந்துவிடும்.

நீரை இலைமேல் தெளித்தலினும் வேரடியில் ஊற்றுதல் நன்று. இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலையில் கரும்புள்ளி நோய் எளிதில் பற்றும். கோடையில் வேரடியைச் சருகாலோ வைக்கோலாலோ மூடினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். ஆண்டுக்கு ஒருமுறை, கடுங்கோடை நீங்கியபின், காய்ந்த கிளைகளையும் மெலிந்த கிளைகளையும் கழித்துக் கவாத்துச் செய்தல் வேண்டும். நுனி கருகிய கிளையை, கருகல் நின்ற இடத்திற்குக் கீழே, நலமான பகுதி தெரியுமளவும் வெட்டிவிடுதல் வேண்டும். இரக்கங்கொண்டு பாதியில் நிறுத்தினால் நோய் மேலும் இறங்கும். இதழிலுள்ள மணநெய் வெயிலில் ஆவியாகிவிடுமாதலால், பூவை விடியற்காலையில் கொய்தலே முறை. பூ வாணிகம் செய்வோர் இருள் பிரியுமுன் தோட்டத்திற்குச் செல்வதன் காரணமும் இதுவே.

நாட்டுக்கு ஆற்றிய பணி

1950 ஆம் ஆண்டில் பால், தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். வேளாண்மையில் உயர்கல்வி பெற நம் மாணவர் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்த நிலையை மாற்ற அவர் விரும்பினார். 1958 ஆம் ஆண்டில் அந்நிலையத்தில் முதுகலைப் பட்டப் படிப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற மாணவர் பின்னர் நாடெங்கும் ஆராய்ச்சியாளராயினர். மரபியல் ஆராய்ச்சிக்கென 1941 ஆம் ஆண்டில் தோன்றிய சங்கத்தின் இதழையும் அவர் பல்லாண்டுக் காலம் பொறுப்பேற்று நடத்தினார்.

1965 ஆம் ஆண்டில் அவருக்கு மேலும் பெரிய பொறுப்பு வந்தது. அப்போது மத்திய அரசில் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் ஆவார். வேளாண்மை ஆராய்ச்சியை அறிவியலறிஞரே நடத்த வேண்டும் என்று அவர் கருதினார். அதன்படி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் திருத்தி அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைமை இயக்குநராகப் பால் அமர்ந்தார்.

அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பருவமழை பொய்த்தது. நாடு அயல்நாட்டுக் கப்பல்களை எதிர்நோக்கி இருந்தது. கப்பலில் கோதுமை வந்தால்தான் பலர் உண்ண முடியும் என்ற நிலை. அச்சமயத்தில் மெக்சிகோ நாட்டில் நார்மன் போர்லாக் என்பவர் உண்டாக்கிய குட்டைக் கோதுமை வகைகள் இங்கே சோதிக்கப்பட்டு வந்தன. பாலும் அவருடைய தோழரும் உண்டாக்கிய கோதுமைகள் உயரமானவை. நோயைத் தாங்கின, ஆனால், மிகுதியான உரமும் நீரும் இட்டால் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்தன. குட்டைக் கோதுமையோ சாயாமல் நின்று பன்மடங்கு விளைந்தது.

தாம் இருபது ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்ததினும் பிறர் வளர்த்தது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளுதல் யாவர்க்கும் எளிதன்று. பால் அதற்குத் தயங்கவில்லை. நாட்டின் பசியே அவர் கண்முன் நின்றது. தம் பெயர் நிற்கவில்லை. 1966 ஆம் ஆண்டில் 18,000 டன் குட்டைக் கோதுமை விதை மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டது. அவருடைய தலைமையின்கீழ் ஆராய்ச்சியாளர்கள் அதனை நம் நாட்டு மண்ணுக்கும் சுவைக்கும் ஏற்பத் திருத்தினர். அவர்களுள் முதன்மையானவர் தமிழகத்தைச் சேர்ந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆவார். 1964-65 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் கோதுமை விளைச்சல், 1970-71 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 38 இலட்சம் டன்னாக உயர்ந்தது. ஆறே ஆண்டுகளில் விளைச்சல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1972 ஆம் ஆண்டில் பால் ஓய்வு பெற்றபோது, அப்பதவியில் அடுத்து அமர்ந்தவரும் சுவாமிநாதனே.

இறுதிக் காலம்

பாலை நாடிப் பல சிறப்புகள் வந்தன. 1972 ஆம் ஆண்டில் இலண்டன் அரசவைக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்திய அரசு அவருக்கு 1968 ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், 1987 ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் அளித்துப் பெருமைப்படுத்தியது. ஓய்வு பெற்றபின் அவர் வாளாவிருக்கவில்லை. காடுகளையும் நீர்நிலைகளையும் காக்கும் சுற்றுச்சூழல் பணியில் அரசுக்கு அறிவுரை கூறினார். ரோஜாக் கலப்பையும் கைவிடவில்லை. ஓவியமும் வரைந்து வந்தார்.

1989 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14 ஆம் நாள், தமது எண்பத்து மூன்றாம் வயதில் அவர் தில்லியில் காலமானார். தாம் ஈட்டிய பொருளையும், அரிதிற் சேர்த்த ரோஜாக்களையும் தாம் பணியாற்றிய ஆராய்ச்சி நிலையத்துக்கே அவர் உரிமையாக்கினார். மனைவி மக்கள் இல்லாத அவருக்கு அந்நிலையத்தின் மாணவரே மக்களாயினர்.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. நம் கொடைக்கானல் மலையில் வாழ்ந்து ரோஜாக் கலப்பில் ஈடுபட்ட எம். எஸ். வீரராகவன், பர்மா, மணிப்பூர் மலைகளின் கொடி ரோஜாவையும், இந்தியச் சமவெளியின் ஈர நிலங்களில் வளரும் காட்டு ரோஜாவையும் இக்கால ரோஜாக்களோடு கலந்து, வெயில் நாட்டுக்கு ஏற்ற புதுவகைகளை உண்டாக்கி உலகப் புகழ் பெற்றார். குளிர்நாட்டுச் செடியை வெயிலுக்குப் பழக்குதல் ஒரு வழி. வெயிலில் பிறந்த செடிக்கு அழகைக் கூட்டுதல் மற்றொரு வழி. பின்னதற்கு இன்னும் நெடுந்தொலைவு செல்ல இடமிருக்கின்றது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி ஒன்றும் இருக்கின்றது. வடுகபட்டியிலும் அதன் சுற்றூர்களிலும் பயிலும் மாணவருள் ஒருவர் நாளை அங்கே சென்று கற்று, பங்குனி வெயிலிலும் மணம் மாறாத ரோஜா ஒன்றை உண்டாக்குதல் கூடும்.

உயிர் வாழ உணவு வேண்டும். வாழும் வாழ்வு இனிக்க அழகும் வேண்டும். இரண்டையும் தம் நாட்டுக்கு அளிக்கப் பாடுபட்டவர் பால். கோதுமை வயலில் அவர் கற்ற பாடமும், ரோஜாத் தோட்டத்தில் அவர் கற்ற பாடமும் ஒன்றே. சோதனையைத் தாங்கி நிற்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதற்காகப் பல்லாண்டு காத்திருத்தலும் வேண்டும். பொறுமையும், தன்னலமின்மையும், உண்மைக்குத் தலைவணங்கும் பண்பும் ஒருங்கே பெற்ற அப்பெரியாரின் வாழ்வு, அவர் வளர்த்த மலர்களைப் போலவே என்றும் மணம் வீசுவதாகும்.